வீடு மாறினோம், வாக்கு மாறியதா?

தோட்டப்புற மக்களுக்கு இடமாற்றம் புதிதன்று. மரங்கள் வெட்டப்பட்டு மறுநடவு நடைபெறும்போதும், தோட்டம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்திற்குக் கைமாறும்போதும், பால்மரக் காடு செம்பனைக் காடாக மாறும்போதும் லயத்து வீட்டைக் காலி செய்து வேறிடம் செல்வது தலைமுறை தலைமுறையாக நாம் கண்டு வருவதேயாகும். 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர் குடும்பங்கள் நிலைகுலைந்தன. அந்நிலையைக் கண்டே வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார் என்பதை நம்முள் மூத்தோர் அறிவர்.

இன்றும் லாயாங் லாயாங் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டுக் குளுவாங்கிற்கும், தொழிற்சாலை வேலையை நாடிக் கூலாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும், மணமாகிக் கணவன் ஊருக்கும் குடிபெயர்வோர் உளர். அவ்வாறு செல்லும்போது பாத்திர பண்டங்களையும் சாமி படங்களையும் லாரியில் ஏற்றுகிறோம். பிள்ளையின் பள்ளி மாற்றத்திற்கு ஆவன செய்கிறோம். ஆனால் ஒன்றை மட்டும் பலர் பழைய தோட்டத்திலேயே விட்டுச் சென்றுவிடுகின்றனர். அதுவே அவர்களுடைய வாக்கு.

வீடு மாறியதும் வாக்கும் தானே மாறிவிடும் என்று எண்ணுவோர் பலர். அடையாளக் கார்டில் முகவரியை மாற்றினால் போதும் என்று எண்ணுவோர் அவர்களினும் பலர். இவ்விரண்டும் சரியல்ல. நாமே கேட்டு மாற்றும் வரையில் வாக்கு பழைய இடத்திலேயே இருக்கும். அதனை எங்கு, எவ்வாறு, எப்போது மாற்றுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்கு எங்கே இருக்கிறது?

மலேசியாவில் ஒருவர் எந்தத் தொகுதியில் வாக்களிக்க வேண்டும் என்பதை அவருடைய விருப்பம் தீர்மானிப்பதில்லை. அவர் குடியிருக்கும் இடமே தீர்மானிக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆம் விதி இதனைக் கூறுகிறது. பிறந்த ஊரோ, பெற்றோரின் ஊரோ, குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரோ அன்று. இன்று நாம் வசிக்கும் ஊரே நம் தொகுதி.

தொகுதி என்பது இரண்டு அடுக்குகளைக் கொண்டது. ஒன்று நாடாளுமன்றத் தொகுதி. மற்றொன்று அதனுள் அடங்கும் சட்டமன்றத் தொகுதி. ஜொகூர் மாநிலத்தில் நாடாளுமன்றத் தொகுதிகள் 26, சட்டமன்றத் தொகுதிகள் 56 உள்ளன. லாயாங் லாயாங் ஒரு சட்டமன்றத் தொகுதி. அதன் எண் 27. அது சிம்பாங் ரெங்கம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும். அதன் எண் 151. அதே நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும் மற்றொரு சட்டமன்றத் தொகுதி மாச்சாப். அதன் எண் 26.

சட்டமன்றத் தொகுதிக்குக் கீழே ‘டாயிரா மெங்குண்டி’ எனப்படும் வாக்களிப்பு வட்டாரங்களும், அவற்றிற்குக் கீழே ‘லோக்காலிட்டி’ எனப்படும் குடியிருப்புப் பகுதிகளும் உள்ளன. ஒரு தோட்டமோ, கம்பமோ, தாமானோ ஒரு குடியிருப்புப் பகுதியாகக் கணக்கிடப்படலாம். ஆகவே வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயருக்குரிய எண் 151/27 என்று தொடங்குமானால், அவர் சிம்பாங் ரெங்கம் நாடாளுமன்றத்திற்கும் லாயாங் லாயாங் சட்டமன்றத்திற்கும் உரிய வாக்காளர் என்று பொருள். அவர் இன்று குளுவாங் நாடாளுமன்றத் தொகுதியில் குடியிருந்தால் அவ்வெண் 152 என்றும், கூலாய் தொகுதியில் குடியிருந்தால் 163 என்றும் தொடங்க வேண்டும். நம் வாக்கு எங்கே இருக்கிறது என்பதை அறிய இதுவே எளிய வழி. எண் ஓரிடத்தையும் வீடு வேறிடத்தையும் காட்டினால், நம் வாக்கு நம்மோடு வரவில்லை என்பது தெளிவு.

பதிவு தானாக நிகழும்; மாற்றம் தானாக நிகழாது

முற்காலத்தில் வாக்காளராக விரும்புவோர் தாமே சென்று பாரம் பூர்த்தி செய்து பதிந்துகொள்ள வேண்டும். 21 வயது நிறைந்தும் பதியாமல் இருந்தோர் நாடெங்கும் இலட்சக்கணக்கில் இருந்தனர். 2019 ஜூலை மாதத்தில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியது. அத்திருத்தம் 2021 டிசம்பர் 15ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. பதிவும் தானியங்கி முறைக்கு மாறியது. 18 வயது நிறைந்த குடிமக்களின் விவரங்களைத் தேசியப் பதிவு இலாகாவிடமிருந்து பெற்றுத் தேர்தல் ஆணையமே பட்டியலில் சேர்த்துவிடுகிறது. 2018 மே மாதப் பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பர் மாதப் பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 இலட்சத்தைக் கடந்ததற்கு இதுவே பெருங்காரணம்.

இங்குதான் ஒரு தவறான எண்ணம் பிறந்தது. ‘எல்லாம் தானாக நடக்கிறது, நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை’ என்று மக்கள் கருதத் தலைப்பட்டனர். உண்மை அதுவன்று. முதன்முறையாகப் பெயர் சேர்ப்பதே தானாக நிகழ்கிறது. அதன்பின் நாம் இடம் மாறினால் அதனைத் தேர்தல் ஆணையத்திற்குத் தெரிவித்து மாற்றம் கோருவது நம் கடமையாகவே இருக்கிறது. தேசியப் பதிவு இலாகாவில் அடையாளக் கார்டின் முகவரியை மாற்றிய மாத்திரத்தில் வாக்களிக்கும் தொகுதி மாறிவிடுவதில்லை. இரண்டும் இரு வேறு ஏடுகள். இரு வேறு அலுவலகங்கள்.

இளையோர் இதில் மேலும் கவனமாக இருத்தல் வேண்டும். நம் பிள்ளைகள் 12ஆம் வயதில் முதல் அடையாளக் கார்டைப் பெறுகின்றனர். அப்பொழுது குடும்பம் தோட்டத்தில் இருந்தால் தோட்டத்து முகவரியே அதில் இடம்பெறும். பின்னர் குடும்பம் கூலாய்க்குக் குடிபெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கார்டின் முகவரியை எவரும் மாற்றவில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறைகிறது. அப்பிள்ளையின் பெயர் தோட்டத்து முகவரியைக் கொண்டு லாயாங் லாயாங் தொகுதியில் பதிவாகிவிடும். ஆறு ஆண்டுகளாக மிதிக்காத மண்ணில் அப்பிள்ளையின் முதல் வாக்கு நிற்கும். 18 வயது நிறைந்தபின் அடையாளக் கார்டைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதியாதலால், அதற்கு முன்னரேனும், இயலாவிடில் அத்தருணத்திலேனும் முகவரியைச் சரிசெய்துகொள்வது நன்று.

செய்ய வேண்டியவை

முதலாவது, அடையாளக் கார்டின் முகவரியை மாற்றுதல். குடிபெயர்ந்த 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவிடம் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகள் கூறுகின்றன. அருகிலுள்ள பதிவு அலுவலகத்திற்கு நேரில் செல்லுதல் வேண்டும். புதிய வீட்டின் மின்சாரக் கட்டணச் சீட்டோ குடிநீர்க் கட்டணச் சீட்டோ வாடகை ஒப்பந்தமோ இருந்தால் உடன் கொண்டு செல்வது நலம். முகவரியைக் கூறும்போது வீட்டெண், சாலைப் பெயர், தாமான் பெயர், அஞ்சல் குறியீட்டெண் ஆகிய அனைத்தையும் பிழையின்றிக் கூற வேண்டும். தோட்டங்களில் ‘இரண்டாம் டிவிஷன், லயத்து வீடு’ என்று எழுதிப் பழகிய நமக்கு இது சற்றுப் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரே பட்டணத்தின் இரு தாமான்கள் இரு வேறு சட்டமன்றத் தொகுதிகளில் அமையக்கூடும் என்பதால், ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இங்கே முக்கியம்.

இரண்டாவது, தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றம் கோருதல். ஆணையத்தின் ‘மைஎஸ்பிஆர் டாஃப்தார்’ என்னும் இணையத்தளத்தின் வழியாக இதனைச் செய்யலாம். இணையம் பழகாதோர் மாநிலத் தேர்தல் அலுவலகத்திற்குச் சென்று விண்ணப்பிக்கலாம். ஜொகூருக்குரிய அலுவலகம் ஜொகூர் பாருவில் உள்ளது. விண்ணப்பத்தில் குறிக்கும் முகவரி அடையாளக் கார்டிலுள்ள முகவரியோடு ஒத்திருத்தல் வேண்டும். முதற்பணியை முடிக்காமல் இரண்டாம் பணியைத் தொடங்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, பட்டியலைப் பார்த்தல். புதிதாகச் சேர்க்கப்பட்டோர், தொகுதி மாறியோர் ஆகியோரின் பெயர்கள் அடங்கிய துணை வாக்காளர் பட்டியலை ஆணையம் மாதந்தோறும் தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. விண்ணப்பித்தவரின் பெயர் அதில் இல்லையெனில், பார்வைக்கு வைக்கப்படும் நாள்களுக்குள் ‘பாரம் பி’ வழியாக உரிமை கோரலாம். தகுதியற்ற பெயர் ஒன்று பட்டியலில் இருப்பதாகக் கண்டால் அத்தொகுதி வாக்காளர் ‘பாரம் சி’ வழியாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். இவை விசாரிக்கப்பட்ட பின்னரே பட்டியல் அரசாங்க வர்த்தமானியில் வெளியாகும்.

நான்காவது, மீண்டும் சரிபார்த்தல். ‘மைஎஸ்பிஆர் செமாக்’ என்னும் சேவையில் அடையாளக் கார்டு எண்ணைக் கொடுத்தால் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி, வாக்களிப்பு வட்டாரம், குடியிருப்புப் பகுதி ஆகியவை தெரியவரும். மகனோ மகளோ பேரப்பிள்ளையோ கைத்தொலைபேசியில் இதனைச் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லலாம். விண்ணப்பம் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. பால் வெட்டியதோடு வேலை முடிவதில்லை. பாலைக் கொட்டகையில் நிறுத்துக் கணக்கில் ஏற்றிய பின்னரே அது நம் உழைப்பாகிறது. வாக்காளர் பட்டியலும் அத்தகையதே.

காலம் தவறினால்

தேர்தல் நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரும் இழப்பில் முடியும். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கலைக்கப்பட்ட பின்னர் செய்யும் விண்ணப்பம் அத்தேர்தலுக்குப் பயன்படாது. 2022இல் நாடாளுமன்றம் அக்டோபர் 10ஆம் நாள் கலைக்கப்பட்டது. நவம்பர் 19ஆம் நாள் வாக்களிப்பு நடைபெற்றது. அதற்கு அக்டோபர் 9ஆம் நாள் வரையிலான பட்டியலே பயன்பட்டது. இடையில் 40 நாள்கள் இருந்தும், அந்நாள்களில் விழித்துக்கொண்டோருக்குப் பயனில்லாமற் போயிற்று. ஜொகூர் சட்டமன்றமும் அவ்வாண்டு ஜனவரி 22ஆம் நாள் கலைக்கப்பட்டு, மார்ச் 12ஆம் நாள் மாநிலத் தேர்தல் நடைபெற்றது. கலைப்பு எந்நாளில் வரும் என்பதை முன்கூட்டி எவரும் நமக்குச் சொல்லப் போவதில்லை.

வர்த்தமானியில் வெளியான பட்டியலை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடவும் இயலாது. 1958ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில் 2002இல் சேர்க்கப்பட்ட 9ஏ பிரிவு இவ்வாறு விதிக்கிறது. ஆகவே பிழையைத் திருத்துவதற்குரிய காலம் வர்த்தமானிக்கு முந்திய காலமே.

பழைய தொகுதியிலேயே வாக்கு இருந்தால் என்ன நேரும்? வாக்களிப்பு நாளன்று அங்குச் செல்ல வேண்டும். 2018 மே 9ஆம் நாள் பொதுத்தேர்தல் புதன்கிழமையில் நடைபெற்றது. அந்நாள் பொதுவிடுமுறையாக அறிவிக்கப்பட்டது உண்மையே. எனினும் தொலைவில் இருந்தோருக்குப் போக்குவரத்துக்கென மேலும் நேரமும் பணமும் தேவைப்பட்டன. தொழிலாளி வாக்களிப்பதற்கு நியாயமான நேரம் அளிக்க வேண்டும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்று 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் முதலாளிமாருக்கு விதித்துள்ளது. ஆனால் ஒரு நாள் முழுதும் பயணம் செய்ய வேண்டிய தொலைவுக்கு அந்நேரம் போதுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டிற்கு அருகிலுள்ள பள்ளியில் அரைமணி நேரத்தில் முடிய வேண்டிய கடமை, பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் வருமானமும் கேட்கும் சுமையாகிவிடுகிறது. இறுதியில் பலர் போகாமலே இருந்துவிடுகின்றனர்.

ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும் என்று சோர்வுறுவோர் சில எண்களைக் கருதுதல் வேண்டும். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த கேமரன் மலைத் தொகுதியில் 2013இல் வெற்றி பெற்றவரின் பெரும்பான்மை 462 வாக்குகள்; 2018இல் 597 வாக்குகள். பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ தொகுதியில் 2022இல் பெரும்பான்மை 348 வாக்குகளே. ஒரு நடுத்தரத் தோட்டத்து லயங்களில் வாழும் பெரியோரின் எண்ணிக்கையைவிட இது மிகுதியன்று.

‘பழைய இடத்திலேயே இருக்கட்டும்’ என்போருக்கு

மூத்தோர் சிலர் வேறு விதமாக எண்ணுகின்றனர். ‘பிறந்து வளர்ந்தது இத்தோட்டம், என் பெற்றோரை அடக்கம் செய்த மண்ணும் இதுவே. வாக்கேனும் இங்கே இருக்கட்டும்’ என்பர். இவ்வுணர்வை எவரும் இகழலாகாது. நான்கு தலைமுறை உழைப்பைக் கண்ட மண்ணின்மேல் பற்று இருப்பது இயற்கை. திருவிழாக் காலத்தில் பழைய தோட்டத்துக் கோயிலுக்குச் சென்று அப்பற்றைப் பேணலாம்.

ஆனால் வாக்கு நினைவுச் சின்னமன்று. அது இன்றைய வாழ்வுக்குரிய கருவி. நாம் குடியிருக்கும் தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டால், பிள்ளை நடக்கும் சாலையில் விளக்கு எரியாவிட்டால், அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம் வேண்டுமானால் நாம் யாரிடம் முறையிடுவோம்? இவ்விடத்துச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமுமே முறையிடுவோம். அவர்கள் தொகுதியின் பட்டியலைப் பார்க்கும்போது நம் பெயர் அதில் இருத்தல் வேண்டாமா? தோட்டத்திலிருந்து வந்த நூறு குடும்பங்கள் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்தும், அவர்கள் வாக்கு அனைத்தும் வேறு தொகுதியில் இருந்தால், அத்தொகுதியின் கணக்கில் அவர்கள் இல்லாதவர்களே. அதேபோல், எஞ்சியிருக்கும் தோட்டத்து மக்களின் தேவை இன்னதென்று அறியாத வெளியூரார் அவர்களுக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களுக்கு நீதியாகாது.

நம் முன்னோர் இவ்வுரிமையை எளிதில் பெறவில்லை என்பதையும் இங்கு நினைவூட்டல் தகும். 1955 ஜூலை 27ஆம் நாள் மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் நடைபெற்றபோது, குடியுரிமை விதிகள் இறுக்கமாக இருந்தமையால், வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தோர் தம் வாழ்நாள் முழுதும் மரம் வெட்டியும் வாக்குச்சீட்டைக் கையால் தொடாமலே மறைந்ததுண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இன்று 18 வயதிலேயே அவ்வுரிமை தானாக வந்து சேர்கிறது. முகவரியை மாற்றச் சோம்பி அதனைப் பாழாக்குவது முறையாகாது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

முகவரி மாற்றித் தருவதாகக் கூறிப் பிறர் வந்து அடையாளக் கார்டைக் கேட்டால் கொடுத்தனுப்புதல் கூடாது. நாம் குடியிராத இடத்தின் முகவரியைக் கூறி அங்கே வாக்கை மாற்றிக்கொள்ளுமாறு எவரேனும் தூண்டினாலும் இணங்குதல் கூடாது. வாக்காளர் பதிவுக்கான விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் கூறுவது தேர்தல் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியது. சபா மாநிலத்து லிக்காஸ் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் முடிவை, பட்டியலில் தகுதியற்றோர் பெயர்கள் இடம்பெற்றிருந்த காரணத்தினால் 2001 ஜூன் மாதத்தில் உயர்நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. பட்டியலின் நேர்மை ஒவ்வொரு முகவரியின் நேர்மையிலும் அடங்கியிருக்கிறது என்பதற்கு அது சான்றாகும்.

கைத்தொலைபேசியில் உதவி செய்வோரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து வைத்தலும் தவறு. விண்ணப்பம் செய்து முடிக்கும் வரையில் அருகிலேயே இருந்து, குறிக்கப்பட்ட முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டல் நன்று.

தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர்களும், கோயில் நிர்வாகத்தினரும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இதில் பெரும்பணி ஆற்ற இயலும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்திலோ பள்ளிக் கூடத்திலோ மக்களைக் கூட்டி, படித்த இளைஞர் நால்வர் அமர்ந்து, ஒவ்வொருவர் பெயரும் எத்தொகுதியில் உள்ளது என்பதைப் பார்த்துச் சொல்லலாம். குடிபெயர்ந்து சென்ற உறவினருக்கும் செய்தி அனுப்பலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இவ்விதழைப் படித்து முடித்ததும் வீட்டிலுள்ள அடையாளக் கார்டுகள் அனைத்தையும் எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். அவற்றிலுள்ள முகவரியில்தான் நீங்கள் இன்று உறங்கி எழுகிறீர்களா? வாக்காளர் பட்டியலிலுள்ள தொகுதி அந்த முகவரிக்கு உரியதா? இரண்டிற்கும் ‘ஆம்’ என்பது விடையாயின் கவலையில்லை. ஒன்றிற்கேனும் ‘இல்லை’ என்பது விடையாயின், அடுத்த ஓய்வுநாளைப் பயன்படுத்தி, முதலில் தேசியப் பதிவு இலாகாவிலும் பின்னர்த் தேர்தல் ஆணையத்திலும் உங்கள் பெயரைச் சரியான ஊரில் நிறுத்திக்கொள்ளுங்கள்.